சின்னப் பிள்ளைங்களோட ஹாலோவீன்: டொரான்டோ பக்கம் பயமுறுத்தாத இடம் எது?

மலைக்கோட்டைப் பொண்ணு | 2024 அக்டோபர் 3, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருச்சியிலிருந்து வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. ஸ்கார்பரோவில கென்னடி ஸ்டேஷன் பக்கத்தில ஒரு அபார்ட்மென்ட். பெரியவனுக்கு எட்டு வயசு, பாப்பாவுக்கு நாலு. கார் இன்னும் வாங்கல.

போன வருஷம் தெரிஞ்சவங்க கார்ல ஒரு பண்ணைக்குப் போனோம். பூசணிக்காய் பறிக்கலாம், சோளக்காட்டுக்குள்ள வழி கண்டுபிடிச்சு விளையாடலாம்னு சொன்னாங்க. பகல் முழுக்க நல்லாத்தான் இருந்தது. இருட்டினதும் அதே சோளக்காடு வேற மாதிரி ஆயிடுச்சு. முகமூடி போட்ட ஒருத்தர் மரம் அறுக்கிற மிஷினை உறும விட்டுக்கிட்டு எங்க முன்னாடி வந்து நின்னார். அதில சங்கிலி கிடையாது, வெறும் சத்தம்தான்னு அப்புறமாத்தான் சொன்னாங்க. பாப்பாவுக்கு அப்ப மூணு வயசு. என் கழுத்தை இறுக்கிப் பிடிச்சவ வீடு வர்ற வரைக்கும் விடல. ரெண்டு மாசம் பாத்ரூம் லைட்டை அணைக்க விடல. சாயங்காலத்துக்கு மேல இப்படி மாறும்னு டிக்கெட்டில ஒரு வரி கூட இல்ல. எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகல.

இந்த வருஷம் பெரியவன் நாள் எண்ணிக்கிட்டு இருக்கான். பாப்பா கடையில பூசணிக்காய் பொம்மையைப் பார்த்தாலே என் பின்னாடி ஒளியறா. ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூட்டிட்டுப் போற மாதிரி, பஸ்ஸிலயோ சப்வேயிலயோ போய் வர்ற மாதிரி இடம் சொல்லுங்க. இன்னொண்ணு, இந்த வருஷம் தீபாவளியும் அதே 31ஆம் தேதி. ரெண்டையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?

கோண்டாவில் அக்கா | அக்டோபர் 3, இரவு 10:25

தங்கச்சி, நான் பதினாறு வருசமா டேகெயரில வேலை செய்யிறன். உங்கட மகளுக்கு நடந்தது கனபேருக்கு நடந்திருக்கு. மூண்டு, நாலு வயசில முகமூடிக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கிறார் எண்டது பிள்ளைக்கு வடிவா விளங்காது. முகம் மாறினால் ஆளே மாறிப்போச்சு எண்டுதான் அதுக்குப் படும். "அது பொய், பயப்பிடாதை" எண்டு நாங்கள் சொல்லுறது அந்த வயசில வேலை செய்யாது.

நாங்கள் டேகெயரில என்ன செய்யிறனாங்கள் எண்டால், ஒக்ரோபர் துவங்கின உடனே ஒரு முகமூடியை மேசையில வைச்சிடுவம். ஒருதரும் போடுறதில்லை. பிள்ளையள் தொட்டுப் பாப்பினம், மறுபக்கம் திருப்பிப் பாப்பினம், நூலை இழுப்பினம். ரெண்டு நாளுக்குப் பிறகு நான் அவையளுக்கு முன்னால மெதுவாப் போட்டு, உடனே கழட்டுவன். போடுறது, கழட்டுறது, அவ்வளவுதான். பிறகு அவையளே என்ர முகத்தில இருந்து கழட்டுவினம். மகளுக்கு இதைச் செய்து பாருங்கோ. கழட்டுறது அவட கையிலதான் இருக்க வேணும்.

இடத்துக்கு வாறன். உங்களுக்குக் கிட்டவே இருக்கிறது ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை. அங்கை ஒக்ரோபர் கடைசிப் பக்கத்து வார இறுதியளில "பூ அட் த ஸூ" எண்டு நடத்துவினம். முழுக்கப் பகலில. பிள்ளையள் வேசம் போட்டுக்கொண்டு போகலாம், வழியில அங்கங்கை இனிப்புக் குடுப்பினம். மிருகங்களுக்கும் பூசணிக்காய் போடுவினம். பயப்பிடுத்திற ஒண்டும் நான் காணேல்லை. 1974இல துறந்த இடம், இந்த வருசம் ஐம்பது வயசு. 287 ஹெக்டேர் எண்டபடியால் நடை கனக்க. நாலு வயசுப் பிள்ளைக்கு வண்டில் கட்டாயம் கொண்டு போங்கோ, "என்ர மகள் நடப்பாள்" எண்டு விட்டிட்டுப் போகாதேங்கோ.

மட்டுநகர் மைந்தன் | அக்டோபர் 3, இரவு 11:02

கென்னடி ஸ்டேஷனில் இருந்தே 86ஆம் நம்பர் பஸ். எல்லா 86உம் ஸூ வரைக்கும் போகாது, முன்பலகையைப் பார்த்து ஏறுங்கள். டிடிசியில் (நகரத்துப் பஸ், சப்வே) 12 வயது வரை பிள்ளைகளுக்குக் காசு இல்லை. பெரியவர்களுக்கு மட்டும்தான்.

ரெட்டைவால் அம்மா | அக்டோபர் 4, காலை 7:15

நான் பிராம்ப்டன்ல இருக்கேன், கோயமுத்தூர். ஏழு வயசில ரெட்டைப் பசங்க. நாலு வருஷமா அக்டோபர்ல ஒரு வார இறுதி கூட வீட்டில இருந்ததில்ல, அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். இங்க எந்த இடமா இருந்தாலும் ரெண்டு முகம் உண்டு: பகல் முகம், ராத்திரி முகம். கனடாஸ் வொண்டர்லேண்ட்ங்கற பெரிய ராட்டினப் பூங்கா இதுக்கு நல்ல உதாரணம். பகல்ல வார இறுதியில பிள்ளைங்களுக்கான ஹாலோவீன் கொண்டாட்டம் இருக்கும். அதோட பேர் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாறும், ஆனா சரக்கு அதேதான்: ஸ்னூபி பக்கம் சின்ன ராட்டினங்கள், வைக்கோல் அலங்காரம், வேஷம் போட்ட குழந்தைங்க. ராத்திரி 7 மணிக்கு "ஹாலோவீன் ஹாண்ட்" ஆரம்பிக்கும். அது முழுக்க வேற சமாச்சாரம். 13 வயசுக்குக் கீழ உள்ளவங்களைக் கூட்டிட்டு வராதீங்கன்னு அவங்களே வெளிப்படையா எழுதியிருக்காங்க. ஹாண்டுக்கு நம்ம வேஷம் போட்டுட்டுப் போகவும் கூடாது. ஒரே வளாகம்தான், ஆனா டிக்கெட் வாங்கும்போது நேரத்தைப் பார்த்து வாங்கணும். நாங்க அஞ்சரைக்கெல்லாம் வாசலுக்கு வந்துடுவோம். இருட்ட ஆரம்பிச்சதும் உள்ளே வேஷக்காரங்க தயாராகிறதே சின்னதுங்களுக்குப் போதும்.

உங்களுக்குக் கார் இல்லாட்டியும் வொண்டர்லேண்ட் போகலாம். சப்வேயில வாண் மெட்ரோபொலிட்டன் சென்டர் வரைக்கும் வந்து யார்க் ரீஜன் பஸ். பிப்ரவரி மாசத்திலிருந்து டிடிசியில ஏறி அங்க மாறினா ரெண்டாவது தடவை காசு எடுக்கிறதில்ல. ஒரே பிரெஸ்டோ பயண அட்டையையே ரெண்டிலயும் தட்டணும், அதை மட்டும் மறந்துடாதீங்க. கென்னடியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும்.

பண்ணைகள் கார் இல்லாம சாத்தியமில்ல. எங்களுக்குக் கேலிடன்ல இருக்கிற டௌனீஸ் பண்ணைதான் கிட்ட. உங்க கிழக்குப் பக்கத்துக்கு அதைவிட நல்ல பண்ணைங்க இருக்கு, அது வேற யாராவது சொல்லுவாங்க. மில்டன்ல "பம்ப்கின்ஸ் ஆஃப்டர் டார்க்"னு ஒண்ணு. பத்தாயிரத்துக்கு மேல செதுக்கின பூசணிக்காய், எல்லாத்துக்குள்ளயும் விளக்கு. ராத்திரிதான், ஆனா யாரும் பாய்ஞ்சு வந்து பயமுறுத்த மாட்டாங்க. டைனோசர், டிராகன், கடல் மீன்னு அடுக்கி வெச்சிருப்பாங்க. என் பசங்க வாயைத் திறந்தவங்க மூடல. உங்களுக்குத்தான் கஷ்டம், வார இறுதியில மில்டனுக்கு 'கோ'ங்கற புறநகர் ரயில் கிடையாது. டிக்கெட்டில நேரம் குறிச்சிருக்கும், முன்னாடியே வாங்கணும்.

காசைப் பத்தியும் சொல்லிடறேன். பெரிய பண்ணைகள்ல அக்டோபர் வார இறுதியில ஆளுக்கு 20 டாலருக்கு மேல ஆகும். பூசணிக்காய் தனி. நாலு பேர் போய், சோளம், சூடான ஆப்பிள் சைடர்னு வாங்கினா நூறைத் தாண்டிடும். அதனால வருஷத்துக்கு ஒரு பெரிய இடம், மீதி எல்லாம் இலவசம்னு நாங்க வெச்சிருக்கோம்.

வடமராட்சியான் | அக்டோபர் 4, மாலை 6:30

கிழக்குப் பக்கம் நான் சொல்லுறன். மவுண்ட் அல்பேர்ட்டில புரூக்ஸ் பண்ணை. பிள்ளையளுக்கு ஒரு ரயில் ஓடும், பூசணிக்காயைப் பீரங்கியில வைச்சுத் தூரத்துக்கு அடிப்பினம். உங்கட மகன் அதிலையே நிப்பான். அக்ஸ்பிரிட்ஜ் தாண்டி கிறீன்பாங்கில போர்சைத் குடும்பத்தாரின்ர பண்ணை. அங்கை மரங்களுக்குள்ள ஒரு நடைபாதை, வழி முழுக்கப் பிள்ளையளின்ர கதையளில வாற காட்சியள் செய்து வைச்சிருக்கினம். மகளுக்கு அது பொருந்தும். ரெண்டுக்கும் காலமை பத்து மணிக்கே போய்ச் சேருங்கோ. மத்தியானத்துக்குப் பிறகு கார் நிப்பாட்ட இடம் தேடவே அரை மணித்தியாலம். முதல் நாள் மழை பெஞ்சிருந்தால் சேறு கணுக்கால் மட்டும் வரும், மழைச் சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கோ.

பிள்ளை, நான் ஏஜக்ஸில இருக்கிறன். 19ஆம் திகதி சனிக்கிழமை பேரப்பிள்ளையளோட போர்சைத்துக்குப் போறம். வானில மூண்டு இடம் மிச்சம். கென்னடி ஸ்டேஷன் எனக்குச் சுத்து இல்லை. விருப்பம் எண்டால் தனிமடலில எழுதுங்கோ.

மலைக்கோட்டைப் பொண்ணு | அக்டோபர் 4, இரவு 8:10

ஐயா, இதைப் படிச்சிட்டு என்ன எழுதறதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன். ரொம்ப நன்றி. அவருக்கு அன்னைக்கு டியூட்டி, நானும் பிள்ளைங்களும் வர்றோம். தனிமடல் அனுப்பறேன்.

அக்கா, முகமூடி விஷயம் இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. பேப்பர் தட்டில ஒரு பூனை மூஞ்சி செஞ்சு சாப்பாட்டு மேசையில வெச்சிருக்கேன். பாப்பா இன்னும் தொடல. ஆனா தள்ளி வைக்கவும் சொல்லல.

ஒரு சந்தேகம். எங்க மாமியார் இப்ப இங்கதான் இருக்காங்க. "தீபாவளி அன்னைக்குப் பேய் வேஷமா, வீட்டு வாசல்ல மண்டை ஓடா?"ன்னு கேக்கறாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

பாசையூர்க் காற்று | அக்டோபர் 4, இரவு 9:45

அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நவம்பர் 1 கத்தோலிக்கருக்குப் புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்திய இரவு என்பதுதான் "ஹாலோவீன்" என்ற சொல்லின் பொருளே. மறுநாள் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊரில் அன்றைக்குக் கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றுவோம். பொழுதுபடும் நேரம் சேமக்காலை முழுக்க வெளிச்சமாக இருக்கும். சின்ன வயதில் நான் அங்கே பயந்ததே இல்லை, ஏனென்றால் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூசணி விளக்கு அயர்லாந்துக்காரர், ஸ்கொட்லாந்துக்காரர் கொண்டுவந்த பழக்கம். அங்கே அவர்கள் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அது முள்ளங்கி இனத்துக்குப் பக்கத்துச் சொந்தம், கல்லுப்போல இருக்கும். இந்தப் பக்கம் வந்து பார்த்தால் பெரிய பூசணி, உள்ளே பாதி வெறுமை, குடைவது சுலபம். மாறிவிட்டார்கள். அந்தப் பழைய விளக்கும் கெட்டதை வாசலோடு நிறுத்தத்தான் என்று சொல்வார்கள்.

ரெட்டைவால் அம்மா | அக்டோபர் 5, காலை 8:00

அட, கெட்டதை வாசலோட நிறுத்தறதுன்னா நம்ம ஊர் திருஷ்டிப் பூசணிதானே! கட்டற வீட்டு முன்னாடி, கடை வாசல்ல, வெண்பூசணியில பல்லும் மீசையும் வெச்சு பூதத்து மூஞ்சி வரைஞ்சு தொங்க விடறோமே. மாமியார்கிட்ட அதைச் சொல்லுங்க. எங்க அம்மா முதல் தடவை இங்க வந்தப்ப எதிர் வீட்டு வாசலைப் பார்த்துட்டு, "இவங்களும் திருஷ்டி கழிக்கிறாங்களா"ன்னுதான் கேட்டாங்க. எனக்கு அதுவரைக்கும் அப்படித் தோணவே இல்ல.

தீபாவளிக்கு எங்க ஏற்பாடு: காலையில எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பலகாரம். அன்னைக்கு வியாழக்கிழமை, ஸ்கூல் உண்டு. நாலரைக்கு வந்து சாமி கும்பிட்டு, ஆறு மணிக்கு வேஷம். பிராம்ப்டன்ல 2022லிருந்து பட்டாசுக்குத் தடை, அதனால ராத்திரி வேற வேலையும் இல்ல. இனிப்புக் கேட்டு வர்ற குழந்தைங்களுக்கு முறுக்கு குடுக்கலாமான்னு யோசிச்சேன். வேண்டாம். வீட்டில செஞ்சது எதையும் இங்க அப்பா அம்மாக்கள் தூக்கிப் போட்டுடுவாங்க, கடையில ஒட்டி வந்த பாக்கெட் மட்டும்தான். முறுக்கு பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு.

கோண்டாவில் அக்கா | அக்டோபர் 5, காலை 10:40

இனிப்பு எண்ட உடனே ரெண்டு விசயம் சொல்ல வேணும்.

மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாத வீடு எண்டால் பையைக் கொட்டி ஒவ்வொண்டாப் பாருங்கோ. கம்மி, மார்ஷ்மெல்லோ மாதிரி இழுபடுற சாமானில கூடுதலா ஜெலற்றின் இருக்கும், அது மிருகத்தின்ர எலும்பிலையும் தோலிலையும் இருந்து எடுக்கிறது. எங்கட வீட்டில ஒரு கோப்பையில "மாத்துற இனிப்பு" எண்டு வைச்சிருக்கிறன். பிள்ளை தனக்கு ஆகாததை அதில போட்டால், அதே அளவு நல்ல சொக்கிளேற் நான் குடுப்பன். அழுகை இல்லை.

மற்றது ஒவ்வாமை. எங்கட டேகெயரில கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையள் மூண்டு பேர். நீலப்பச்சை நிறம் பூசின பூசணிக்காய் ஒரு வாசலில இருந்தால், அந்த வீட்டில சாப்பாடு அல்லாத பரிசும் குடுக்கினம் எண்டு அர்த்தம். ஸ்ரிக்கர், பென்சில், குமிழி ஊதுற குப்பி. நீங்களும் ஒண்டு வையுங்கோ. ஒரு பிள்ளை தூரத்தில இருந்து அதைக் கண்டிட்டு ஓடி வாறதைப் பாத்தால்தான் அது என்ன எண்டு விளங்கும்.

ஆனைக்கட்டிக்காரன் | அக்டோபர் 5, மதியம் 1:20

காசா லோமா கோட்டையிலும் ஹாலோவீன் நடக்கிறதே, அதற்குப் போகலாமா? எனக்கு 5 வயதுப் பையன்.

ரெட்டைவால் அம்மா | அக்டோபர் 5, மதியம் 1:50

வேண்டாங்க. அது பெரியவங்களுக்கான பயங்கர நாடக நடை, சுரங்கப்பாதை எல்லாம் உண்டு. பையன் பெரியவனானதும் போங்க. அதுக்குப் பதிலா தி வில்லேஜ் அட் பிளாக் க்ரீக் பாருங்க, ஜேன், ஸ்டீல்ஸ் தெருக்கள் பக்கம். முன்னாடி அதோட பேர் பிளாக் க்ரீக் பயனீர் வில்லேஜ். பழைய காலத்துக் கிராமம், அக்டோபர் கடைசியில குழந்தைங்களுக்குப் பகல்லயே ஹாலோவீன் நிகழ்ச்சி வைப்பாங்க. சப்வே ஸ்டேஷன் பேரே பயனீர் வில்லேஜ்தான், அங்கிருந்து நடந்துடலாம்.

வடமராட்சியான் | அக்டோபர் 5, இரவு 10:15

பிள்ளையின்ர மகள் பயந்த கதையை வாசிச்ச நேரம் துவக்கம் ஒண்டு மனசில ஓடிக்கொண்டிருக்குது. எழுதுறன்.

நான் 1989இல இஞ்சை வந்தனான். சென் ஜேம்ஸ் ரவுனில ஒரு அறை வீட்டில ஆறு பேர். ஒக்ரோபர் கடைசி நாள், ரெண்டு பேர் வேலைக்குப் போட்டினம், நாங்கள் நாலு பேர் சமைச்சுக்கொண்டு நிக்கிறம். கதவு தட்டிச்சுது. அந்த நாளையில ஊரில இரவு கதவு தட்டுப்பட்டால் என்ன எண்டு என்ர வயசுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருத்தன் அடுப்பை நிப்பாட்டினான், ஒருத்தன் லைற்றை நூத்தான். நாலு பேரும் மூச்சுவிடாமல் சுவரோட நிண்டம். திரும்பவும் தட்டிச்சினம். வெளியில பிள்ளையளின்ர சிரிப்புச் சத்தம். எங்களுக்கு அதுகூட விளங்கேல்லை. அண்டைக்கு இரவு முழுக்க லைற் போடாமல் இருட்டில சோறு திண்டனாங்கள்.

அடுத்த நாள் வேலையில ஒரு மனிசி விளங்கப்படுத்தினா. அதுக்கு அடுத்த வருசம் நான் சம்பளத்தில ஒரு பெரிய பை சொக்கிளேற் வாங்கி, ஏழு மணியில இருந்து கதவைத் திறந்துபோட்டே கதிரையில இருந்தன். முதல் வந்தது ஒரு சின்னப் பெட்டை, தேனீ வேசம். கையில செம்மஞ்சள் நிற யுனிசெவ் உண்டியல் பெட்டி, அந்த நாளையில பிள்ளையள் சில்லறையும் சேர்ப்பினம். 2006இல அதை நிப்பாட்டிப்போட்டினம். நான் ஒரு டொலர் போட்டன். அவ "தாங்க் யூ" எண்டு சொல்லிப்போட்டுத் துள்ளிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனா.

இப்ப ஏஜக்ஸில என்ர வாசலுக்கு ஒரு இரவில நூறு பிள்ளையளுக்கு மேல வருவினம். முப்பது வருசத்துக்கு மேலாச்சு, அண்டைக்கு இரவு நான் ஒரு கலியாணத்துக்கும் போனதில்லை. பேய் பொம்மை ஒண்டும் வைக்கிறதில்லை. லைற் எல்லாத்தையும் போட்டு வைப்பன்.

கோண்டாவில் அக்கா | அக்டோபர் 5, இரவு 10:50

அண்ணை, நாங்கள் 90இல வந்தனாங்கள். எங்கட அம்மாவும் முதல் வருசம் எங்களை அறைக்குள்ள விட்டுப் பூட்டினவ. இதைப் பற்றி ஒருதரோடையும் கதைச்சதில்லை. எழுதினதுக்கு நன்றி.

மலைக்கோட்டைப் பொண்ணு | அக்டோபர் 20, இரவு 8:30

நேத்து போர்சைத் போயிட்டு வந்தோம். வடமராட்சி ஐயாவும் அம்மாவும் எங்களைச் சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கிட்டாங்க. வேன்ல மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ், பிளாஸ்க்ல பால்தேத்தண்ணி.

காட்டுப் பாதை பாப்பாவுக்குப் பிடிச்சுப் போச்சு. ஆனா பூசணி வயலுக்கு வந்ததும் நின்னுட்டா. நான் எதுவும் சொல்லல. ஐயாவோட பேத்தி ஒரு சின்னக் காயை எடுத்து அவ பக்கத்தில வெச்சிட்டுப் போனா. மூஞ்சி இல்லாத வெறும் காய், அடியில மண் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழிச்சு விரலால அந்த மண்ணைச் சுரண்டினா. கிளம்பும்போது அதைத்தான் வேணும்னா.

வாங்கினது ரெண்டு: பெரியவனுக்குப் பெரிய காய், பாப்பாவுக்கு அந்தச் சின்னது. எப்படிச் செதுக்கறது, எவ்வளவு நாள் தாங்கும்? வெட்டின சதையைக் கூட்டு வைக்கலாமா?

ரெட்டைவால் அம்மா | அக்டோபர் 20, இரவு 9:20

இப்பவே செதுக்காதீங்க! வெட்டினா நாலஞ்சு நாள்ல உள்ள பூஞ்சை பிடிச்சு மூஞ்சி உள்வாங்கிடும். 29, 30ஆம் தேதி போதும். அபார்ட்மென்ட்டில சூடு வேற, பால்கனியில வைங்க. ஆனா அணில் கடிக்கும், ராத்திரி மேல ஒரு வாளி கவுத்துடுங்க.

மேல மூடி வெட்டும்போது கத்தியை உள்பக்கமாச் சாய்ச்சு வெட்டணும். நேரா வெட்டினா மூடி உள்ளே விழுந்துடும். பெரிய கரண்டியால உள் நாரைச் சுரண்டி எடுங்க, எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தமா எடுக்கறோமோ அவ்வளவு நாள் தாங்கும். மூஞ்சி வர்ற பக்கத்தை உள்ளேயிருந்து இன்னும் கொஞ்சம் சுரண்டி ஒல்லியாக்கிட்டா பையனே அந்தச் சின்ன ரம்பக் கத்தியால அறுத்துடுவான். மெழுகுவர்த்தி வேண்டாம், டாலராமா கடையில பேட்டரி விளக்கு கிடைக்கும்.

கூட்டுக்கு அந்தப் பெரிய காய் ஆகாது. தண்ணி விட்டுக்கும், நார் நாரா இருக்கும், நம்ம பரங்கியோட இனிப்பு இருக்காது. பாப்பாவோட சின்னக் காய், "பை பம்ப்கின்"னு போட்டிருந்தா, அது நல்லா இருக்கும். பெரிய காயோட விதையைத் தூக்கிப் போடாதீங்க. கழுவி, ஒரு நாள் துணியில உலர்த்தி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் புரட்டி அவன்ல வறுங்க. மாமியாருக்குப் பிடிக்கும்.

மட்டுநகர் மைந்தன் | அக்டோபர் 21, காலை 6:50

அபார்ட்மென்ட் என்றீர்கள். கீழே லாபியில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள், இனிப்புக் கொடுக்கும் வீட்டுக்காரர் தங்கள் இலக்கத்தை எழுதுவதற்கு. இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேட்டு நீங்களே ஒட்டுங்கள். தெருவுக்குப் போனால் வாசல் லைற் எரியும் வீடுகளுக்கு மட்டும். 31ஆம் திகதி ஆறே காலுக்குள் பொழுது பட்டுவிடும், வேசத்தில் மின்னும் ஒட்டுநாடா ஒன்று ஒட்டிவிடுங்கள். நான் அன்று இரவு வண்டி ஓட்டுகிறேன், கறுப்புடுப்புப் பிள்ளைகள் கண்ணுக்கே தெரிவதில்லை.

பாசையூர்க் காற்று | அக்டோபர் 28, இரவு 7:30

இன்னொன்று, முற்றிலும் இலவசம். நவம்பர் 1 இரவு நகரத்தின் பல பூங்காக்களில் பூசணி அணிவகுப்பு. செதுக்கிய காயை வீட்டார் கொண்டுபோய் நடைபாதையோரம் வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள். ரொன்செஸ்வேல்ஸ் பக்கம் சொரோரன் பூங்காவில் 2004இல் துவங்கியது, இன்று அங்கேதான் பெரிய கூட்டம். கென்னடியிலிருந்து சப்வே இரண்டாம் தடத்திலேயே டண்டாஸ் வெஸ்ட் வந்து நடக்கலாம். மறுநாள் மாநகரசபை காய்களை அள்ளிக்கொண்டுபோய் உரமாக்கிவிடும், குப்பைத் தொல்லையும் இல்லை.

மலைக்கோட்டைப் பொண்ணு | நவம்பர் 2, காலை 11:15

எல்லாருக்கும் சொல்லியே ஆகணும்.

26ஆம் தேதி ஸூ. 86 பஸ்ஸில பாதிப் பேர் வேஷத்தோட. பாப்பா இந்த வருஷம் ரக்கூன். பழைய சாம்பல் நிற ஸ்வெட்டர், பழைய காலுறைக்குள்ள பஞ்சு அடைச்சு வால், அதில கறுப்புத் துணி வளையம் அஞ்சு, மாமியார்தான் தெச்சாங்க. முகமூடி வேண்டாம்னா, கண்ணைச் சுத்தி மை மட்டும். பெரியவன் அட்டைப் பெட்டியில 501 குயின் ஸ்ட்ரீட்கார் (டிராம்). பனிக்கரடி பூசணிக்காயை முன்னங்காலால அமுக்கி உடைச்சதைப் பார்த்துப் பாப்பா, "அதுக்கும் மூஞ்சி இல்ல"ன்னு சொன்னா.

31ஆம் தேதி காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, அதிரசம் சாப்பிட்டு ஸ்கூல். குளிர் வரும்னு வேஷத்துக்குள்ள போட ஜாக்கெட் எடுத்து வெச்சிருந்தேன், சட்டையோட போற அளவுக்குச் சூடா இருந்தது. லாபியில ஒட்டின தாள்ல 14 வீடு எழுதியிருந்தாங்க. ஒன்பது வீட்டுக்குப் பாப்பாவும் வந்தா. பத்தாவது வீட்டில கதவைத் திறந்தவர் எலும்புக்கூடு சட்டை போட்டிருந்தார், திரும்பிட்டா. மீதி நாலு வீட்டுக்கு அவங்க அப்பா பெரியவனைக் கூட்டிட்டுப் போனார், நாங்க மாடியேறி வந்துட்டோம். எங்க வாசல்ல நீலப்பச்சைப் பூசணி வெச்சிருந்தோம், மாமியார் ஸ்டிக்கர் குடுத்தாங்க. ஆறு குழந்தைங்க வந்தாங்க. ஒரு அம்மா நின்னு ரெண்டு தடவை நன்றி சொன்னாங்க.

நேத்து சொரோரன். பாப்பாவோட காயில மூஞ்சி வேண்டாம்னா, ஒரு நிலாவும் மூணு ஓட்டையும் மட்டும் போட்டோம். அதை அவளே தூக்கிட்டு வந்து வரிசையில வெச்சா. பக்கத்தில ஒரு பெரிய காய், வாய் நிறையப் பல்லு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு நாற்பது வரைக்கும் காய்களை எண்ணினா, அப்புறம் வீட்டுக்குப் போலாம்னா. பெரியவனுக்கு இன்னும் பாக்கணும். அழுதான். அவங்க அப்பாவோட இருந்துட்டு வரட்டும்னு விட்டுட்டு நாங்க வந்துட்டோம்.

வரும்போது ரக்கூன் வாலை சப்வேயில விட்டுட்டோம். வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சது. காலையிலிருந்து கேட்டுக்கிட்டே இருக்கா. டிடிசியில இதையெல்லாம் எடுத்து வைப்பாங்களா?

மட்டுநகர் மைந்தன் | நவம்பர் 2, மதியம் 12:05

வைப்பார்கள். பே ஸ்டேஷனில் தொலைந்த பொருள் அலுவலகம் இருக்கிறது. இரண்டு மூன்று வேலை நாள் விட்டுப் போங்கள், பொருள் அங்கே வந்து சேர அவ்வளவு எடுக்கும். எந்தத் தடம், எத்தனை மணி, எந்தப் பக்கம் போன ரயில் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வளையம் ஐந்து என்பதையும் சொல்லுங்கள்.

மலைக்கோட்டைப் பொண்ணு | நவம்பர் 2, மதியம் 12:20

ரெண்டாவது தடம், கென்னடி போற ரயில், ஏழே முக்கால் இருக்கும். எழுதி வெச்சுட்டேன் அண்ணா. புதன்கிழமை போறோம்.